ஐயா சேர்த்து வைத்த மயில்தோகை

இந்தப் பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி முருகன் கோவிலுக்குப் போய் ஐயாவின், அதாவது என் தாத்தாவின், நேர்த்திக்கடனைத் தீர்த்துவிட்டு வந்தோம். போன வருஷம் மாசியில் ஐயா தவறிப்போனார். தலைத்திவசம் முடியாமல் மலைக்கோவில் ஏறக்கூடாது என்று அப்பத்தா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

என் மகன் ஏழாம் மாசத்திலேயே பிறந்தவன். 1,200 கிராம், கண்ணாடிப் பெட்டிக்குள் 38 நாள். அப்போது ஐயா ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே மஞ்சள் துணியில் காசு முடிந்து, "பிள்ளை பிழைச்சுக் கால் ஊன்றி நடக்கட்டும் முருகா, நானே கூட நடந்து வந்து அவனைக் காவடி எடுக்க வைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தான், நடந்தான், ஓடினான். அதற்குள் ஐயாவின் முழங்கால் விட்டுப்போனது. வாசல் திண்ணைக்கு வரவே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். கடைசியாக நான் ஊருக்கு வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த முடிப்பை மறந்துடாதே ஆத்தா" என்று அது ஒன்றைத்தான் சொன்னார்.

ஐயாவுக்கு வீடு தங்காது. அத்தனை பெரிய வீட்டின் வளவும் பட்டாலையும் அவருக்குச் சாப்பிடவும் தூங்கவும்தான், மற்ற நேரமெல்லாம் கண்மாய்க்கரை. பள்ளிக்கூட லீவு விட்டால் பேரன் பேத்தி எல்லாரையும் விடிவதற்கு முன்பே எழுப்பிக் கிளப்பிவிடுவார். கார்த்திகை மார்கழியில் ஒரு நாளாவது பறவைகள் வந்து தங்குகிற கொள்ளுக்குடிப்பட்டிக்குக் கூட்டிப்போவார், பறவைகளுக்காக அந்த ஊரார் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை என்பதை ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வார். நத்தைக்குத்தி நாரை வாயை மூடினாலும் அலகுக்கு நடுவில் வெளிச்சம் தெரியும், அதை எனக்கு முதலில் காட்டியவர் அவர்தான். என்னைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு, நான் பார்த்துவிட்டேன் என்று சொல்கிறவரை அசையாமல் நின்றார்.

திவசம் முடிந்த மறுநாள் அப்பத்தா அலமாரியிலிருந்து ஒரு பழைய வேட்டிப் பொட்டலத்தை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். பிரித்தால் உள்ளே மயில்தோகை. கட்டுக் கட்டாக, நூல் சுற்றி, பூச்சி அரிக்காமல் இருக்க நடுநடுவே காய்ந்த வேப்பிலை. ஆவணி புரட்டாசியில் மயில் தோகை உதிர்க்கிற காலத்தில் கண்மாய்க்கரையில் பொறுக்கியது, பிள்ளையின் காவடிக்கென்று. "பறவைகிட்டே எதையும் பறிக்கக் கூடாது, அது போட்டதை எடுத்துக்கலாம்" என்பார். கால் முடியாமல் போவதற்கு முன்னால் எத்தனை நாள் இதற்காகக் குனிந்து நிமிர்ந்தாரோ. அந்தத் தோகையை வைத்துத்தான் சின்னதாக ஒரு காவடி கட்டினோம்.

விடியற்காலை மூன்றரை மணிக்குக் காரைக்குடியிலிருந்து கிளம்பினோம். பத்து கிலோமீட்டர்தான், ஆனால் எனக்குப் பாதி தூரத்திலேயே குதிகால் கொப்பளித்துவிட்டது. பிள்ளையைப் பாதி வழி அவன் அப்பா தோளில் தூக்கிவந்தார், மீதியை அவனே நடந்தான். பொழுது விடிந்து மயில் வடிவில் இருக்கிற அந்த மலை கண்ணில் பட்டதும், "தோகையை இறக்கிவிட்டு மயில் படுத்திருக்கு பாரு" என்று ஐயா சொல்கிற அதே இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அடிவாரத்தில் நடப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பூத்தட்டு வாங்கினால்தான் பையை வைக்கவிடுவோம் என்று ஒரு கடைக்காரர். "500 ரூபாய் கொடுங்க, வரிசையில் நிற்காமல் உள்ளே விடுறேன்" என்று யாரோ ஒருவர் பின்னாலேயே வந்தார். காவடியோடு வந்த குழந்தையை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறுகிறார்கள், இரண்டு தோகை ஒடிந்தேவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நடந்து வந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் வழிவிடக் கூடாதா? பாறை வெயிலில் இரண்டரை மணி நேரம் நின்றோம். முன்னால் நின்ற ஒரு பெரியவர் தன் துண்டை நனைத்துப் பிள்ளையின் தலையில் போட்டார், அவர் நன்றாக இருக்க வேண்டும்.

அப்புறம் சந்நிதி. நாங்கள் போய் நின்றபோது திரை போட்டிருந்தது. திரை விலகித் தீபம் மேலே ஏறியது, மயில் மேல் அமர்ந்த சண்முகநாதன், அந்தப் பக்கம் வள்ளியம்மை, இந்தப் பக்கம் தெய்வானை, அவர்களும் ஆளுக்கொரு மயிலில். "அரோகரா" என்று கத்தக்கூட எனக்கு வாய் வரவில்லை. பிள்ளை காவடியைத் தோளில் வைத்தபடி எட்டிப் பார்த்து, "அம்மா, மூணு மயில்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "பாட்டையா எடுத்த தோகை இந்த மயில் போட்டதா?" என்று கேட்டான். குருக்கள் காதில் அது விழுந்துவிட்டது. விபூதியை எடுத்து அவன் நெற்றி நிறையப் பூசிவிட்டு, "ஆமாப்பா, இதுதான்" என்றார். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லவில்லை.

மஞ்சள் முடிப்பை உண்டியலில் போட்டோம். பிள்ளையார்பட்டிக்கும் போய்த் திரும்பினோம், அங்கே என்ன வேண்டினேன் என்றே நினைவில்லை, மனசு முழுக்க மலை மேலேயே இருந்தது.

முருகா, 38 நாள் பெட்டிக்குள் கிடந்த பிள்ளையை நடத்திக் கூட்டிவந்து உன் முன்னால் நிறுத்திவிட்டாய், அதற்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்? ஐயா இப்போது உன் பக்கத்தில்தான் எங்கேயாவது நடந்துகொண்டிருப்பார். அவர் முழங்காலைக் கொஞ்சம் பார்த்துக்கொள் அப்பனே.