மெஸ் ரிடக்‌ஷனும் ஒரு இன்டர்ன்ஷிப்பும்

கூகுள் மீட்டில் இன்டர்வியூ எடுத்தவர் "ஹலோ, ஆர் யூ தேர்?" என்று கேட்டபோது நான் அங்கேதான் இருந்தேன். நெட் போய்விட்டது என்று நினைத்திருக்கிறார். போகவில்லை. ஒரு லிங்க்டு லிஸ்ட்டுக்குள் (ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததைக் காட்டும் தரவுச் சங்கிலி) வட்டம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தார். நான் நான்கு நிமிடமாகத் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மண்டைக்குள் வேலை ஓடிக்கொண்டுதான் இருந்தது. கண்ணிகளைச் சுட்டிக்கொண்டு ஒவ்வொரு அடியாகப் போகிற பாயின்டர் ஒன்று, இரண்டிரண்டு அடியாகப் போகிற பாயின்டர் ஒன்று. வட்டம் இருந்தால் வேகமானது சுற்றிவந்து மெதுவானதைப் பிடித்துவிடும். எல்லாம் தெரியும். வாயிலிருந்துதான் ஒரு சொல்லும் வரவில்லை. கடைசியில் சரியான புரோகிராம் கோடையே எழுதிக் காட்டினேன். இரண்டு நாள் கழித்து, எதிர்காலத்துக்கு வாழ்த்துச் சொல்லி மெயில் வந்தது.

அது ஜனவரி. நான் அப்போது மூன்றாம் ஆண்டு, ஆறாவது செமஸ்டர். கோவைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி, கம்ப்யூட்டர் சயின்ஸ். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. கோடை விடுமுறைக்கு ஒரு நல்ல இன்டர்ன்ஷிப் பிடித்துவிட்டால், நான்காம் ஆண்டில் அங்கேயே வேலையாகவும் மாறலாம் என்பது எங்கள் எல்லோர் கணக்கும்.

முதல் அடி அதற்கு முன்பே விழுந்திருந்தது. ஒரு ஆன்லைன் டெஸ்ட், 90 நிமிடம், மூன்று கேள்விகள், கேமரா போட்டுக்கொண்டு எழுத வேண்டும், வேறு டேபுக்குப் போனால் எச்சரிக்கை வரும். ஒரு கேள்வி சுலபமாகத் தெரிந்தது: எண்களின் பட்டியல் ஒன்று கொடுப்பார்கள், எத்தனை ஜோடிகளின் கூட்டுத்தொகை கே என்று வருகிறது என்று சொல்ல வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஃபார் லூப் போட்டு ஒவ்வொரு ஜோடியையும் பார்த்தேன். மாதிரி டெஸ்ட் கேஸ் இரண்டும் பச்சை. சப்மிட் செய்தால் 15 ஹிட்டன் டெஸ்ட் கேஸில் 6 மட்டும் தேறின, மற்றதெல்லாம் 'டைம் லிமிட் எக்ஸீடட்'.

கேள்விக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்த வரியை நான் மதிக்கவே இல்லை. பட்டியலில் ஒரு லட்சம் எண்கள் வரை வரலாம் என்று அதில் போட்டிருந்தது. ஒரு லட்சத்தை ஒரு லட்சத்தால் பெருக்கினால் 1000 கோடி. ஜோடியை ஒரு தடவைதான் பார்க்கிறேன் என்று பாதியாகக் குறைத்தாலும் 500 கோடி. நொடிக்குச் சுமார் 10 கோடி எளிய படிகள் என்பது கோடிங் டெஸ்ட் எழுதுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. என் கோடு முடிய ஒரு நிமிடத்துக்குப் பக்கத்தில் ஆகும், அவர்கள் தருவதோ இரண்டு நொடி. இதுவரை பார்த்த எண்களை ஒரு ஹேஷ்மேப்பில் (சாவியைக் கொடுத்தால் அதற்குரியதை உடனே தரும் அட்டவணை) போட்டுக்கொண்டே போய், 'கே கழித்தல் இந்த எண் ஏற்கெனவே வந்திருக்கிறதா' என்று ஒவ்வொரு எண்ணுக்கும் கேட்டிருந்தால் ஒரே லூப்பில் முடிந்திருக்கும். அன்றிலிருந்து கேள்வியைக் கீழிருந்து மேலாகப் படிக்கிறேன். அந்தச் சின்ன எழுத்து வரிதான் எந்த வழியில் போக வேண்டும் என்று பாதி சொல்லிவிடுகிறது.

நடுவில் சில்லறைத் தோல்விகள். ஒரு இடத்தில் ஆப்டிட்யூட் ரவுண்டோடு சரி. ரயிலும் தொட்டிக் குழாயும் இன்னும் என்னை விடவில்லை. இன்னொரு இடம் என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் சொல்லி, 'பயிற்சிக் கட்டணம்' 6,000 ரூபாய் கேட்டது. சம்பளம் அவர்கள் தர வேண்டுமா, நான் தர வேண்டுமா? அந்தப் பக்கமே போகவில்லை. 7.5 சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரி) இல்லாதவர்களை உள்ளேயே விடாத நிறுவனங்களும் உண்டு. நான் 7.62, தப்பித்தேன். என்னைவிட நன்றாகக் கோடு எழுதும் நண்பன் 7.48, அவனால் டெஸ்ட் லிங்க்கைக்கூடத் திறக்க முடியவில்லை. இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, மௌனத்துக்கு வருகிறேன். அது இங்கிலீஷ் பிரச்சினை என்றுதான் உறுதியாக நம்பியிருந்தேன். தமிழில் யோசித்து, மனதுக்குள் மொழிபெயர்த்து, டென்ஸ் சரியா என்று பார்த்து முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது என்று என்னிடம் ஒரு அழகான விளக்கம் இருந்தது. பிப்ரவரியில் அது உடைந்தது.

சென்னை ஓஎம்ஆர் சாலையில் ஒரு நிறுவனம் நேரில் கூப்பிட்டது. சேரன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் தூங்காமல் போய்ச் சேர்ந்தேன். இன்டர்வியூ எடுத்தவருக்கு முப்பது வயது இருக்கும். ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி, எல்ஆர்யூ கேஷ் (அண்மையில் பயன்பட்டவற்றைச் சட்டென எடுக்க வைத்திருக்கும் சேமிப்பு) ஒன்றை வடிவமைக்கச் சொன்னார். குறிப்பிட்ட அளவு இடம்தான் உண்டு. நிரம்பிவிட்டால், எது ரொம்ப நேரமாகத் தொடப்படாமல் கிடக்கிறதோ அதைத் தூக்கிவிட வேண்டும். எடுப்பதும் வைப்பதும் ஓ ஆஃப் ஒன்னில், அதாவது உள்ளே எவ்வளவு இருந்தாலும் ஒரே அளவு நேரத்தில், நடக்க வேண்டும். நான் வழக்கம்போல உறைந்தேன். அவர் சிரித்தபடி, "தமிழ்லயே சொல்லுங்க, பரவால்ல" என்றார்.

வாழ்க்கையில் இதைவிட நல்ல வாய்ப்பு ஒரு தமிழ் வழி மாணவனுக்கு வருமா? "வந்து சார்... ஒரு மேப் வச்சுக்கலாம்... அப்புறம்..." அவ்வளவுதான். அதற்குமேல் தமிழும் வரவில்லை. கை தானாகத் தாளில் கட்டம் கட்டமாக வரைந்தது, வாய் மூடியே இருந்தது. திரும்பி வருகிற ரயிலில் அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். மொழி தடையாக இருந்திருந்தால் அது விலகியதும் பேசியிருக்க வேண்டும். நான் யோசிப்பதை எந்த மொழியிலும், யாரிடமும், ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பள்ளியில் பன்னிரண்டு வருடம் "பேசாதே, எழுது" என்று வளர்த்த வாய் இது.

துறையில் ஏற்கெனவே வேலை கிடைத்துவிட்ட இறுதியாண்டு அக்கா ஒருவர் இருக்கிறார். அவரிடம் புலம்பினேன். "நீ பரீட்சை எழுதுற மாதிரி இன்டர்வியூ கொடுக்கிறடா. வெறும் விடை போதும்னா உன்ன எதுக்கு நேர்ல கூப்பிடணும்? டெஸ்ட் மார்க்கே போதுமே" என்றார். அப்புறம், தினமும் ஒரு கணக்கை யாருக்காவது சொல்லிக்கொண்டே போடச் சொன்னார்.

அந்த யாரோ என் அறைத்தோழன் ஆனான். நாங்குநேரிப் பக்கத்துக்காரன், சிவில். லிங்க்டு லிஸ்ட்டுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒப்பந்தம் இதுதான்: நான் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும், பத்து நொடி சத்தம் நின்றால் அவன் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டுவான். முதல் வாரம் பக்கத்து அறைக்காரர்கள் வந்து சண்டை போட்டார்கள்.

எல்ஆர்யூ கேஷையே மறுபடி எடுத்தேன். மேப்பில் சாவியைத் தேடினால் லிங்க்டு லிஸ்ட் சங்கிலியில் அது இருக்கும் கண்ணி உடனே கிடைக்கும், அந்தக் கண்ணியைக் கழற்றி முன்னால் மாட்ட வேண்டும், கடைசிக் கண்ணிதான் தூக்கப்பட வேண்டியது, சங்கிலி இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவன் நிறுத்தினான். "எதுக்குல ரெண்டு பக்கம்? ஒரு பக்கம் பாத்தா போதாதா?" அறிவில்லாமல் கேட்கிறான் என்று நினைத்து வாயைத் திறந்தால், எனக்குக் காரணம் தெரியவில்லை. மனப்பாடம் செய்திருக்கிறேன். நடுவில் இருக்கும் கண்ணியைக் கழற்றினால் அதற்கு முன்னாலிருப்பதைப் பின்னாலிருப்பதோடு இணைக்க வேண்டும். முன்னாலிருப்பது யார் என்று தெரியாவிட்டால் முதலிலிருந்து தேடிக்கொண்டு வரவேண்டியதுதான், ஓ ஆஃப் ஒன் போச்சு. கரண்டி இரண்டு முறை ஒலித்த பிறகுதான் இது பிடிபட்டது.

மார்ச்சில் எங்கள் கல்லூரிக்கே ஒரு நிறுவனம் வந்தது. பெரிய பெயர் இல்லை. எழுதியவர்கள் 180 பேர், இன்டர்வியூவுக்குப் போனது 14 பேர். முதல் ரவுண்டில் ஜாவாவில் பைனரி சர்ச் (வரிசைப்படுத்திய பட்டியலில் லோ, ஹை என்ற இரு எல்லைகளுக்கு நடுவே பாதி பாதியாகக் குறைத்துத் தேடுவது) எழுதச் சொன்னார்கள். எழுதினேன். "லோவையும் ஹையையும் கூட்டி இரண்டால் வகுக்கிறீர்களே, இதில் என்ன தப்பு நடக்கலாம்?" என்று கேட்டார். தெரியவில்லை. முன்பாக இருந்தால் நான்கு நிமிடம் போயிருக்கும். "தெரியல சார், ஆனா பெரிய எண்ணா வச்சுப் பாக்குறேன்" என்று ஓட்டை இங்கிலீஷில் சொல்லிவிட்டு, சத்தமாகவே கூட்டினேன். ஜாவாவில் இன்ட் என்ற முழு எண் வகைக்கு உச்சம் 2147483647. இரண்டும் நூற்றெட்டுக் கோடிக்கு மேல் போனால் கூட்டுத்தொகை அதைத் தாண்டி நெகடிவ் ஆகிவிடும். அப்படியானால் வித்தியாசத்தைப் பாதியாக்கி லோவோடு கூட்டலாம் என்று வந்து சேர்ந்தேன். பிறகு படித்துப் பார்த்தால், ஜாவாவின் சொந்த லைப்ரரியிலேயே இந்தப் பிழை பல வருடம் இருந்து 2006-ல்தான் வெளியே பேசப்பட்டிருக்கிறது.

இரண்டாவது ரவுண்டில் ஒரு மேடம். என் ரெஸ்யூமேயில் இருந்த ப்ராஜெக்டைப் பிடித்துக்கொண்டார். எங்கள் விடுதிக்கு நான் எழுதிய மெஸ் கணக்கு ஆப் அது. தொடர்ந்து ஐந்து நாள் ஊருக்குப் போனால் அந்த நாட்களுக்குச் சாப்பாட்டுக் கட்டணத்தில் கழிவு, அதாவது மெஸ் ரிடக்‌ஷன் உண்டு. "இதில் வந்த மோசமான பக் எது?" என்றார். யோசிக்கவே தேவையில்லை. நண்பன் ஒருவன் ஜனவரி 29 முதல் பிப்ரவரி 3 வரை ஆறு நாள் போயிருந்தான். நான் மாதவாரியாகக் கணக்கெடுத்ததால் ஜனவரியில் மூன்று, பிப்ரவரியில் மூன்று. எதிலும் ஐந்து இல்லை, ரிடக்‌ஷன் ஜீரோ. பில்லை எடுத்துக்கொண்டு அறைக்கே வந்து திட்டினான். முழு லீவையும் முதலில் எண்ணிவிட்டு, அப்புறம் மாதத்துக்குப் பிரிக்கும்படி மாற்றினேன்.

"ஜனவரி பில்லை 31-ம் தேதியே போட்டுவிட்டால்? லீவு தொடருமா என்று அன்றைக்கு எப்படித் தெரியும்?" என்றார். இதை நான் நினைத்ததே இல்லை. சொல்லிக்கொண்டே யோசித்தேன்: அன்றைக்குத் தெரியாது, போட்ட பில்லைத் திருத்தக்கூடாது, எனவே அந்த மூன்று நாள் பணத்தை அடுத்த மாத பில்லில் வரவாகக் காட்ட வேண்டும், எங்கள் ஊர் மளிகைக் கடை நோட்டில் பாக்கி ஏற்றுவதைப் போல. மளிகைக் கடையை இங்கிலீஷில் எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவருக்குப் புரிந்தது.

மூன்று பேரை எடுத்தார்கள், அதில் நானும் ஒருவன். சென்னையில் இரண்டு மாதம், ஜூனில் தொடக்கம். அம்மாவிடம் ஸ்டைபெண்டைச் சொன்னதும் முதல் கேள்வி, அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்பதுதான்.

அறைத்தோழன் ஊரில் அம்மன் கொடைத் திருவிழா. மார்ச் 29-ல் கிளம்புகிறான், ஏப்ரல் 3-ல் திரும்புகிறான். மேடமிடம் அவ்வளவு அழகாகச் சொன்ன அந்தத் திருத்தத்தை ஆப்பில் இன்னும் எழுதவில்லை. அதற்குள் முடிக்கவில்லையென்றால் கரண்டியோடு வருவான்.