‘பார்ப்பம் தம்பி’க்கு எந்த எண்?

கனடாவில் கூட்டாட்சித் தேர்தல் அறிவிப்புக்கும் வாக்களிப்புக்கும் இடையே குறைந்தது 36 நாள், கூடினால் 50 நாள். 2025இல் லிபரல் பிரதமர் மார்க் கார்னி மிகக் குறுகிய காலத்தையே எடுத்துக்கொண்டார். மார்ச் 23 அறிவிப்பு, ஏப்ரல் 28 வாக்களிப்பு. இவ்வளவு நாளுக்குள் ஊரின் அரசியலையே திருப்பிவிடலாம் என்ற நம்பிக்கையோடு தேர்தல் வேலைக்கு வருபவர்கள் முற்போக்குப் பக்கத்தில்தான் அதிகம். பெரும் செல்வந்தர் மீதான வரி, மருந்துக் காப்பீடு, வீட்டு வாடகை என்று எல்லாவற்றையும் வாசலில் நின்றே விளக்கிவிட ஆசைப்படுவார்கள். தொகுதித் தேர்தல் அலுவலகத்தின் வேலை வேறு. நமக்கு வாக்களிக்கப் போகிறவர் யார் என்று கண்டுபிடித்து, அவரை வாக்களிப்பு நிலையம் வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். விவாதத்தில் வென்று கதவில் தோற்ற வேட்பாளர்கள் ஏராளம்.

கதவு தட்டுவதற்கு வார நாட்களில் மாலை 5 முதல் 8.30 வரை நல்ல நேரம். ரொறன்ரோவின் ஸ்காபரோ போன்ற இடங்களில் வாக்காளர்களில் பெரும்பகுதி அடுக்குமாடிகளில்தான். மேல் மாடிக்கு லிஃப்டில் போய், படியால் இறங்கி வர வேண்டும். ஒரு மாடிக்கு இருவர், நடைபாதையில் பக்கத்துக்கு ஒருவர். பத்துக் கதவில் மூன்று, நான்கு திறந்தால் நல்ல நாள். கட்டடக் காவலர் தடுத்தால் சண்டை வேண்டாம். கனடா தேர்தல் சட்டத்தின் 81ஆம் பிரிவின்படி காலை 9 முதல் இரவு 9 வரை வேட்பாளரையோ அவருடைய பிரதிநிதியையோ அடுக்குமாடிக்குள் வரவிடாமல் தடுக்க நிர்வாகத்துக்கு உரிமை இல்லை. அந்தப் பிரிவின் நகல் ஒவ்வொரு தொண்டரின் பையிலும் இருக்க வேண்டும். 322ஆம் பிரிவையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். வாடகைக்கு இருப்பவர் தன் வீட்டில் தேர்தல் பலகை வைப்பதை வீட்டுக்காரர் தடுக்க முடியாது. அளவுக்கும் வகைக்கும் நியாயமான வரம்பு வைக்கலாம், கட்டடத்தின் பொது இடங்களில் வைக்கத் தடை போடலாம், அவ்வளவுதான். புல்தரைப் பலகைகளுக்கு மார்ச் கடைசியில் வேறு பிரச்சினை. மண் இன்னும் இறுகிக் கிடக்கும், கம்பிக் கால் வளைந்துவிடும். முதலில் இரும்புக் கம்பியால் துளை போட்டுவிட்டுத்தான் நட வேண்டும்.

கதவு திறந்த பிறகு ஒரே கேள்வி: எங்களுக்கு வாக்களிப்பீர்களா? பதில் 1 முதல் 5 வரையான எண்ணாகக் குறிக்கப்படும். 1 உறுதியான ஆதரவு, 2 சாய்வு, 3 முடிவெடுக்காதவர், 4 வேறு பக்கம் சாய்ந்தவர், 5 எதிரணி. கேட்க எளிது. பிழையெல்லாம் இந்த எண்ணில்தான் நடக்கிறது.

நம்மவர் வாசலில் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

“வணக்கம் அம்மா. இந்தமுறை எங்கட வேட்பாளருக்கு உங்கட ஆதரவு கிடைக்குமோ?”

“பார்ப்பம் தம்பி. குளிருக்குள்ள நடந்து வாறியள், தேத்தண்ணி குடிக்கிறியளே?”

தொண்டர் மகிழ்ந்துபோய் 2 போடுவார். சிலர் 1 என்றே போட்டுவிடுவார்கள். அது 3; சில வீடுகளில் மரியாதையான 5. வாசலுக்கு வந்தவரிடம் இல்லை என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் குறைவு. ஆதரவை உறுதிப்படுத்த இன்னும் இரண்டு கேள்விகள் வேண்டும். வீட்டில் பலகை வைக்கலாமா? முன்கூட்டிய வாக்களிப்புக்கு எந்த நாள் போவீர்கள்? “சனிக்கிழமை வேலை முடிய மகனோட போவன்” என்று நாளும் துணையும் சொல்பவர்தான் 1. மற்ற எல்லாரையும் ஒரு படி கீழே போடுவது பாதுகாப்பு. ஒவ்வொரு தொண்டரும் போட்ட 1களில் பத்துப் பேரை வேறொருவர் தொலைபேசியில் அழைத்துச் சரிபார்க்க வேண்டும். பாதி பேர் தயங்கினால் அந்தத் தாள் முழுவதையும் 3ஆக இறக்கிவிட வேண்டும். மனம் வராது, ஆனால் வேறு வழியில்லை. வாக்களிப்பு நாளில் இந்தப் பட்டியலை வைத்துத்தான் வாகனம் அனுப்புகிறோம். எண் பொய்யென்றால் நம் காரிலேயே எதிரணி வாக்கை ஏற்றிப் போவோம்.

2025 தேர்தலில் முற்போக்கு வாக்கு எங்கே உடைந்தது என்பதற்கும் இதே கணக்குத்தான் விடை. ஜனவரியில் கன்சர்வேட்டிவ் கட்சி கருத்துக்கணிப்புகளில் 20 புள்ளிக்கு மேல் முன்னிலை வகித்தது. லிபரல் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ விலகியதும், அமெரிக்க அதிபர் ட்ரம்ப் தீர்வையையும் கனடா அமெரிக்காவின் ‘51ஆவது மாநிலம்’ என்ற பேச்சையும் எடுத்ததும், கன்சர்வேட்டிவ் தலைவர் பியேர் பொலியேவைத் தடுக்க வேண்டும் என்ற பயத்தில் இடதுசாரிப் பக்கமுள்ள நம் புதிய ஜனநாயகக் கட்சியின் ஆதரவாளர்கள் கூட்டமாக லிபரல் பக்கம் போனார்கள். பயத்தில் நியாயம் இருந்தது. கணக்கில்தான் பிழை. தொகுதிவாரியாக யார் முன்னிலை என்று காட்டும் இணையதளங்களை மக்கள் தொகுதியிலேயே எடுத்த கருத்துக்கணிப்பு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. தேசிய, மாகாண அளவில் ஏற்பட்ட மாற்றத்தைக் கடந்த தேர்தல் முடிவின் மீது ஏற்றிக் கணக்கிடும் மாதிரிகள் அவை. நாடு முழுதும் ஒரு கட்சி சரிந்தால், அது வலுவாக இருக்கும் தொகுதியிலும் சரிந்ததாகவே மாதிரி காட்டும். அதைப் பார்த்து வாக்காளர் விலகுவார்; விலகியதால் மாதிரி மெய்யாகும்.

புதிய ஜனநாயகக் கட்சி 2021இல் பெற்ற 25 இடங்கள் 7ஆகக் குறைந்தன, வாக்கு 6.3 சதவீதம். கன்சர்வேட்டிவைத் தடுக்கப் போட்ட வாக்கு சில இடங்களில் கன்சர்வேட்டிவுக்கே வழிவிட்டது. வின்ட்சர் மேற்கும் லண்டன்–ஃபான்ஷோவும் 2021இல் புதிய ஜனநாயகக் கட்சி வென்ற தொகுதிகள், 2025இல் இரண்டும் கன்சர்வேட்டிவிடம் போயின. நனைமோ–லேடிஸ்மித்தில் கன்சர்வேட்டிவ் அல்லாத வாக்குகள் பாதிக்கு மேல். அவை மூன்றாகப் பிரிந்ததில் கன்சர்வேட்டிவ் வேட்பாளர் வென்றார். ஆனால் பழியை எல்லாம் பிரிந்த வாக்கின் மேல் போடுவது சோம்பேறித்தனம். வின்ட்சர் போன்ற வாகனத் தொழில் நகரங்களில் தொழிலாளர் பலர் நேரே பொலியேவ் பக்கம் போனார்கள். தொழிற்சாலை மூடப்படுமா என்று அஞ்சியவரிடம் செல்வந்தர் வரி பற்றிப் பேசியது எடுபடவில்லை.

பல் மருத்துவக் காப்பீட்டின் கதை இன்னும் கசப்பானது. பெரும்பான்மை இல்லாத லிபரல் அரசாங்கத்தை 2022 மார்ச் உடன்படிக்கையால் தாங்கி, புதிய ஜனநாயகக் கட்சி வாங்கிக் கொடுத்த திட்டம் அது. குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் கீழே, தனியார் காப்பீடு இல்லாதவர்களுக்கு. பிரசாரத்தின்போது முதியோர் பலரின் கைப்பையில் அந்தத் திட்டத்தின் அட்டை இருந்தது. யார் தந்தது என்று கேட்டால் ‘லிபரல்’ என்றார்கள். கடிதம் அரசாங்கத்திடமிருந்துதானே வருகிறது! தேர்தல் வந்த பிறகு இதை விளக்கிப் பயனில்லை. அட்டை தபாலில் வந்த வாரமே கதவு தட்டியிருக்க வேண்டும்.

‘உங்களுக்குப் போட்டால் பொலியேவ் வந்திடுவார்’ என்பவருக்குத் தத்துவம் வேண்டாம். அந்தத் தொகுதியின் கடந்த முடிவை ஒரு சிறு அட்டையில் அச்சிட்டுக் காட்டலாம்: யார் முதலாவது, யார் இரண்டாவது, எத்தனை வாக்கு வித்தியாசம். நம் கட்சி அங்கே மூன்றாவது என்றால் அட்டையைக் கொண்டுபோகவே கூடாது. கையும் களவுமாகப் பிடிபடுவோம். அங்கே வேறு பேச்சு வேண்டும். தொகுதியில் முதலாவதாக வந்தவரே வெல்லும் இந்த முறையில் 2015தான் கடைசித் தேர்தல் என்று ட்ரூடோ சொன்னார், 2017இல் கைவிட்டார். அதன் பிறகு ‘வாக்கைப் பிரிக்காதே’ என்று லிபரல் கட்சியே கேட்பது கொஞ்சம் துணிச்சல்தான்.

முன்கூட்டிய வாக்களிப்பு நான்கு நாள், வெள்ளி முதல் திங்கள் வரை. 2025இல் அது ஏப்ரல் 18–21, ஈஸ்டர் விடுமுறை. 70 லட்சத்துக்கு மேற்பட்டோர் அதிலேயே வாக்களித்துவிட்டார்கள். உறுதியானவர்களை இந்த நாட்களிலேயே அனுப்பிவிட்டால் கடைசி நாளுக்குப் பட்டியல் சுருங்கும். வாக்காளர் தகவல் அட்டை மட்டும் கொண்டுபோனால் போதாது. ஒன்ராறியோ சாரதி அனுமதிப்பத்திரம் போல முகவரியுள்ள அடையாள அட்டை ஒன்று, அல்லது சுகாதார அட்டையும் தகவல் அட்டையும் சேர்ந்து இரண்டு. 12 மணிநேர வேலை செய்யும் களஞ்சியத் தொழிலாளரிடம், வாக்களிப்பு நாளில் வாக்களிக்கத் தொடர்ச்சியாக மூன்று மணிநேரம் கிடைக்கச் செய்வது முதலாளியின் சட்டக் கடமை என்று சொல்ல வேண்டும். அதற்காகச் சம்பளம் வெட்டக் கூடாது.

தபால்மூல வாக்குச்சீட்டு வெறுமையாக வரும். வேட்பாளர் பெயரை வாக்காளரே எழுத வேண்டும். கட்சிப் பெயர் மட்டும் எழுதினால் செல்லாது. பெயர் எழுதிய துண்டுச் சீட்டை முன்பே கொடுத்து வைக்கலாம். ஒரு வாக்குத்தானே என்பவருக்கு கியூபெக்கின் டெர்போன் தொகுதியைச் சொல்லலாம். மறு எண்ணிக்கையில் வித்தியாசம் ஒரே ஒரு வாக்கு. உறையில் அச்சிட்ட அஞ்சல் குறியீடு பிழையாக இருந்ததால் ஒரு வாக்குச்சீட்டு அனுப்பியவரிடமே திரும்பிவிட்டதும் பிறகு தெரிந்தது.

வாக்களிப்பு நாளில் ஒன்ராறியோவின் பெரும்பகுதியில் காலை 9.30 முதல் இரவு 9.30 வரை. வாக்களிப்பு நிலையத்தின் உள்ளே அமரும் வேட்பாளரின் பிரதிநிதிக்கு, வாக்களித்தவர்களின் எண் குறித்த தாள் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கிடைக்கும். அலுவலகங்களில் பிங்கோ தாள் என்பார்கள். அதை வாங்கி அலுவலகம் சேர்த்து, வந்தவர் பெயரை வெட்டி, வராத 1களுக்கு அழைப்புப் போக வேண்டும். மாலை 4 மணிக்குள் தாள் வரத்து நின்றால், உள்ளே இருப்பவருக்குச் சாப்பாடு போகவில்லை என்று அர்த்தம்.

பிறகு பணம். 10 சதவீத வாக்கு பெற்ற வேட்பாளருக்குத் தேர்தல் செலவில் 60 சதவீதம் அரசிடமிருந்து திரும்பும். அதை நம்பி வங்கிக் கடன் எடுப்பது வழக்கம். 40,000 டொலர் செலவழித்தால் 24,000 வரும் என்ற கணக்கு, 9.8 சதவீதத்தில் முழுதாக அழியும். 2025இல் புதிய ஜனநாயகக் கட்சியின் பெரும்பாலான வேட்பாளர்கள் 10ஐ எட்டவில்லை. நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் பணம் தர முடியாது, தனிநபர் மட்டுமே. 400 டொலர் கொடுப்பவருக்கு வரிச் சலுகையாக 300 திரும்பும் என்பதை வாசலிலேயே சொல்லிவிடலாம். 20 டொலருக்கு மேல் ரொக்கம் வாங்கக் கூடாது.

கணக்கறிக்கைக்கு நான்கு மாதம் அவகாசம் உண்டு. எண்களுக்கு அந்த அவகாசம் இல்லை. அலுவலகம் ஒரு வாரத்தில் மூடும், தொண்டர்கள் கலைவார்கள், ‘பார்ப்பம் தம்பி’ எல்லாம் 2ஆகவே தரவுத்தளத்தில் உறைந்துவிடும். மே முதல் வாரத்தில் நான்கு பேர் அமர்ந்து, ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்திலும் நாம் குறித்த 1களையும் எண்ணப்பட்ட வாக்குகளையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தால், எந்தக் கட்டடத்தில் எண் பொய் சொன்னது என்று தெரிந்துவிடும்.