பிளம்பர் சான்றிதழ்: வேலை தெரியும், தாள்தான் இல்லை

தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐ.டி.ஐ.) படிக்காமல், மேஸ்திரியிடம் கையாளாகச் சேர்ந்து குழாய் வேலை கற்றவர்களும் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதித் தேசியத் தொழிற்சான்றிதழ் பெறலாம். அந்த வழியில் போய் நான் சான்றிதழை வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகும் ஆத்திரம் முழுதாக அடங்கவில்லை. இதே வழியில் வர நினைப்பவர்களுக்கு எங்கெங்கே கால் இடறும் என்பதை, அது மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

இத்தனை ஆண்டுகள் கழித்துச் சான்றிதழ் எதற்கு என்று வீட்டிலேயே கேட்டார்கள். ஒரு பெரிய மருத்துவமனையின் பராமரிப்புப் பிரிவில் நிரந்தர வேலை இருந்தது. மேற்பார்வையாளருக்கு என் வேலையும் பிடித்திருந்தது. ஆனால் பணியாளர் பிரிவில் ஐ.டி.ஐ. சான்றிதழ் இல்லாமல் கோப்பு நகராது என்று சொல்லிவிட்டார்கள். முன்னனுபவத்தை அங்கீகரிக்கும் மத்திய அரசுத் திட்டத்தில், குறுகிய பயிற்சிக்கும் மதிப்பீட்டுக்கும் பிறகு கொடுத்த சான்றிதழ் ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது வேறு, நாங்கள் கேட்பது வேறு என்று திருப்பிக் கொடுத்தார்கள். ஆகவே அந்தத் திட்டத்தில் சேர நினைப்பவர்கள், நீங்கள் குறிவைக்கும் வேலைக்கு எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதை முதலில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

தனித்தேர்வருக்கு அடிப்படைத் தேவை, அந்தத் தொழிலில் மூன்று ஆண்டு அனுபவம். எனக்கு அதைப்போல் சில மடங்கு இருந்தது. அதை எழுதிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்த மேஸ்திரி கடையை மூடிவிட்டு ஊருக்கே போய்விட்டார். அவரிடம் லெட்டர்ஹெட் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அடுத்து வேலை பார்த்த காண்ட்ராக்டர் நல்ல மனிதர், காபி வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துப் பேசினார், ஆனால் கையெழுத்து என்றதும் பின்வாங்கினார். "தம்பி, மூணு வருசம் என்கிட்ட வேலை பார்த்தான்னு நான் எழுதிக் கொடுத்தா, நாளைக்கு பி.எஃப். எங்கே, இ.எஸ்.ஐ. எங்கேன்னு யாராவது வந்து நிப்பாங்க" என்றார். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது? தினக்கூலியாகக் கையில் காசு வாங்கி, எந்தப் பதிவேட்டிலும் பெயர் ஏறாமல் நடக்கிற தொழிலில், அனுபவச் சான்று கேட்பதே ஒரு வகை வேடிக்கைதான்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை கைகொடுக்கும் என்று நம்பி எடுத்துப் போனேன். தேர்வு விண்ணப்பம் வாங்கும் அலுவலகத்தில் இருந்தவர் அதை வாங்கிக்கூடப் பார்க்காமல், அது நலத்திட்ட உதவிக்கான பதிவுதான், யாரிடம் எத்தனை ஆண்டு வேலை பார்த்தேன் என்பதை அது சொல்லாது என்றார். அவர் சொன்னதில் தவறில்லை என்றாலும், அதைச் சொல்ல ஒரு முழு முற்பகல் காக்க வைத்திருக்க வேண்டியதில்லை. மறுமுறை போனபோது அவர் முகாமுக்குப் போயிருந்தார். எப்போது வருவார் என்று பக்கத்து மேசைக்காரருக்குத் தெரியவில்லை. கூலி போன நாள்களை யாரிடம் கேட்பது? பேருந்து ஏறுவதற்கு முன், உங்களுக்கு வேண்டிய ஆள் இருக்கையில் இருக்கிறாரா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியில் வழி திறந்தது வேறொரு பக்கத்திலிருந்து. காண்ட்ராக்டர் எடுத்த வேலைகள் எல்லாம் ஒரு பதிவு பெற்ற கட்டுமான நிறுவனத்தின் சைட்டுகளில் நடந்தவை. அங்கே இருந்த பொறியாளர் என்னை நன்றாக அறிவார். துணை ஒப்பந்தக்காரரின் கீழ் எங்கள் கட்டடங்களில் பிளம்பராக வேலை செய்தவர் என்று நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், முத்திரையும் ஜி.எஸ்.டி. எண்ணும் தெரிய எழுதிக் கொடுத்தார். அதுவும் முதலில் திரும்பி வந்தது: "மூன்று ஆண்டுகளுக்கு மேலாக" என்று இருந்தால் போதாதாம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று வேண்டுமாம். பொறியாளர் முகம் சுளிக்காமல் மாற்றி அடித்துக் கொடுத்தார். பிற்காலக் கூலியைக் காண்ட்ராக்டர் வங்கிக் கணக்கில் போட்டிருந்ததால், அந்த வரவுகளுக்கான கணக்கு அறிக்கையையும் சேர்த்து இணைத்தேன். அதைப் பார்த்த பிறகுதான் அலுவலரின் குரல் இறங்கியது. இப்போது தொழில் கற்றுக்கொண்டிருக்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: கூலியில் ஒரு பகுதியையாவது கணக்கில் வாங்குங்கள்.

இனிஷியல் தொல்லையைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பள்ளிச் சான்றிதழில் ஓரெழுத்து இனிஷியல், ஆதாரில் அப்பாவின் முழுப் பெயர். சான்றிதழ் மின்வடிவில் வருவதால், பெயர் ஒருமுறை தவறாக ஏறினால் திருத்துவது பெரும்பாடு. விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரைச் சரிசெய்துவிடுங்கள்.

நேராக இறுதித் தேர்வுக்கு விட்டுவிட மாட்டார்கள். முதல்நிலைத் தேர்வு ஒன்று உண்டு. கருத்தியல் (தியரி), செய்முறை இரண்டிலும் தேறினால்தான் அகில இந்தியத் தேர்வு. கருத்தியலில் எனக்குப் பயம் இருந்தது, ஆனால் கையால் செய்ததற்குக் காரணம் புரியத் தொடங்கியபோது படிப்பு இனித்தது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் தரும் என்று படித்த அன்றுதான், மாடித் தொட்டிக்கு நேர் கீழே உள்ள ஷவரில் தண்ணீர் ஏன் வேகமில்லாமல் ஒழுகுகிறது என்று வீட்டுக்காரர்களிடம் இத்தனை நாள் சமாளித்ததற்கு விடை கிடைத்தது. நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற கணக்கு, டிராப்பில் (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) 50 மில்லிமீட்டர் நீரடைப்பு, நான்கு அங்குலக் கழிவுக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று வாட்டம், ஜி.ஐ. குழாயில் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) மஞ்சள், நீலம், சிவப்புப் பட்டைகள் முறையே ஏ, பி, சி வகுப்பைக் குறிப்பது ஆகியவற்றைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறைதான் நமக்குக் கைவந்த கலை என்று நினைப்பவர்களை எச்சரிக்க வேண்டியிருக்கிறது. இன்றைய சைட்டில் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாயும் சால்வென்ட் பசையும்தான். மரை வெட்டும் டை செட்டைத் தொட்டுப் பல காலம் ஆகியிருக்கும். பயிற்சிப் பாடமோ ஜி.ஐ. குழாயில் மரை போடுவதில்தான் நிற்கிறது. வரைபடத்தில் கொடுத்த அளவு எல்போ என்ற வளைவு இணைப்பின் மையத்திலிருந்து டீ என்ற மும்முனை இணைப்பின் மையம் வரை. ஃபிட்டிங் எடுத்துக்கொள்ளும் நீளத்தைக் கழித்து, மரை உள்ளே ஏறும் நீளத்தைக் கூட்டி வெட்ட வேண்டும். சைட்டில் ஒரு விரல்கடை கூடினால் சுவரைக் கொஞ்சம் கொத்திக்கொள்வோம். தேர்வுக்கூடத்தில் கொத்துவதற்குச் சுவர் இல்லை. வெட்டிய முனையின் பிசிறை உள்ளே ரீமர் விட்டு எடுக்கிறோமா, டையை அரைச் சுற்றுப் பின்னுக்குத் திருப்பித் துகளை உடைக்கிறோமா, எண்ணெய் விடுகிறோமா என்பதையெல்லாம் கவனித்து மதிப்பெண் போடுகிறார்கள். அரை அங்குலக் குழாய்க்கு அங்குலத்துக்கு 14 மரை, ஒரு அங்குலக் குழாய்க்கு 11 என்பதையும் வாய்மொழியாகக் கேட்டார்கள்.

வார்ப்பிரும்புக் குழாயில் ஈயம் காய்ச்சி ஊற்றி மூட்டுப் போடுவதை நான் வாழ்நாளில் செய்ததில்லை. ஓய்வு பெற்ற பயிற்றுநர் ஒருவர், காசு வாங்க மறுத்து, தம் வீட்டுக் கொல்லையில் வைத்துக் கற்றுக் கொடுத்தார். சணலை இறுக்கித் திணித்த பிறகு உள்ளே ஈரம் துளியும் இருக்கக் கூடாது. இருந்தால் காய்ச்சி ஊற்றும் ஈயம் முகத்தில் தெறிக்கும். அதை அவர் ஒரே நாளில் பலமுறை சொன்னார், பலமுறை சொல்லத்தக்க விஷயம்தான் அது.

அகில இந்தியத் தேர்வு ஒப்பீட்டில் அமைதியாகவே முடிந்தது. கருத்தியலில் 33 விழுக்காடு போதும், செய்முறையில் 60 வேண்டும். எனவே உங்கள் நேரத்தை எங்கே செலவிடுவது என்பது தெளிவு. கருத்தியல் கணினியில் நடக்கும் தேர்வு என்பதால், மவுஸ் பிடித்தே இராதவர்கள் ஏதாவது ஒரு மையத்தில் சிறிது நேரம் பழகிவிட்டுப் போவது நல்லது. வேலைவாய்ப்புத் திறன் என்ற தாளை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். குழாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விட்டவர்கள் அதில்தான் தேறாமல் நின்றார்கள்.

வயதும் வசதியும் உள்ளவர்களுக்கு இந்தச் சுற்றுவழியே வேண்டாம். பிளம்பர் பிரிவு ஐ.டி.ஐ.யில் ஓராண்டுப் படிப்புதான். அரசு நிலையத்தில் சேர்ந்தால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. முடித்த கையோடு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான தொழிற்பழகுநர் பயிற்சிக்கும் போய்விட்டால், உதவித்தொகையோடு பதிவேட்டில் ஏறிய அனுபவமாகவும் அது அமையும். என் சித்தப்பா மகன் அப்படித்தான் போனான். நான் அலைந்த அலைச்சலில் கால்பங்கு அவனுக்கு இல்லை.

சான்றிதழை இறக்கி அச்செடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். பணியாளர் பிரிவு அதை ஏற்றுக்கொண்டது. கூடவே அனுபவச் சான்றின் அசல் ஒன்றும் கோப்புக்கு வேண்டும் என்றது. தேர்வுக்குக் கொடுத்தது திரும்பாது என்று பயந்து, பொறியாளரிடம் அன்றைக்கே கூடுதல் அசல்களில் கையொப்பமும் முத்திரையும் வாங்கி வைத்திருந்தேன். பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டியபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு அடுத்து என்ன கேட்பது என்று தெரியவில்லை.