20 கொண்டை ஊசி வளைவு, 36 கணக்கு

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்தாலே பலகை விளையாட்டு ஒன்று செய்யத் தோன்றும். மேலே காப்பி, மிளகு, ஆரஞ்சு. கீழே சேலம் சந்தை. லாரியில் சரக்கை இறக்கிக் காசு பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் செய்ய உட்கார்ந்தால் மழை, மூடுபனி, டீசல், பிரேக் சூடு என்று ஒவ்வொன்றாக உள்ளே வந்துவிடும்.

3 சரக்கு, 4 வானிலை, 3 வகை லாரி என்றாலே 36 கணக்கு. ஒவ்வொரு தடவையும் அட்டவணையைப் பார்த்துத்தான் காய் நகரும். 4 பேர், ஆளுக்கு 15 முறை, முறைக்கு 2 நிமிடம் என்றால் 2 மணி நேரம். ஆடி முடித்தவர் அடுத்து 6 நிமிடம் சும்மா இருக்க வேண்டும். கை தானாகப் போனுக்குப் போகும்.

விதி நிறைய இருப்பதால் வரும் தொல்லை இல்லை இது. ஒரு விதி இன்னொன்றைத் துணைக்கு இழுப்பதால் வருவது. அதனால் காப்பியையும் மூடுபனியையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாம்.

வளைவுக்கு 3 வீதம் 60 கட்டம். இரண்டு பகடை, சராசரி 7. ஏற்றிய மூட்டைக்கு 1 கழிக்க வேண்டும், 3 மூட்டை வரை ஏற்றலாம். சுற்றுக்கு ஓர் அட்டை. 15 அட்டையில் 3 பனி. பனி வந்தால் இரண்டு பகடையில் சிறிய எண் மட்டுமே செல்லும். சராசரி 2.5-க்கு இறங்கிவிடும், அட்டவணையே வேண்டாம். பனியில் 3 மூட்டைக்காரர் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடுவார் என்பதால், எப்படியும் 1 கட்டம் நகரலாம் என்று ஒரு வரி சேருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் சந்தை விலைதான். முதல் மூட்டை 10 ரூபாய். விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் 1 ரூபாய் இறங்கும் என்று வைத்தால் ஆட்டம் செத்துவிடும். மூன்று பேர் ஒற்றை மூட்டையோடு முந்திப் போனாலும், கடைசியாக வரும் 3 மூட்டைக்காரருக்கு 7+6+5, அதாவது 18. எல்லாரும் 3 மூட்டையே ஏற்றுவார்கள். 2 ரூபாய் இறங்கட்டும்: அதே ஆளுக்கு 4+2+0, வெறும் 6. ஆனால் இரண்டு பேர் மட்டும் முந்தியிருந்தால் 6+4+2, அதாவது 12; முதல் மூட்டைக்காரரின் 10-ஐ விட அதிகம். இப்போதுதான் அடுத்தவர் எத்தனை ஏற்றுகிறார் என்று எட்டிப் பார்ப்பார்கள். முறைக்கு அரை நிமிடம் போதும். அரை மணி சொச்சத்தில் முடியும்.

ஆர்ட் கார்டில் அச்சடிக்க அவசரப்படாதீர்கள். பழைய அட்டைப்பெட்டி, பென்சில், மூட்டைக்குக் காப்பிக்கொட்டை போதும். விதியை ஒரே தாளில் எழுதி, ஆட்டம் தெரியாதவர்களிடம் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் இருங்கள். அவர்கள் தாளை இரண்டாம் முறை புரட்டும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்த வரியை விளக்காமல் வெட்டுங்கள்.