உயிரிலிகள்: கதை எழுதும் நாட்களின் குறிப்பு

ஏப்ரல் 28, 2024

ஏழாம் அத்தியாயம் முடிந்தது என்று நேற்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் அக்கா மகளிடம் படித்துக் காட்டியதுதான் தப்பு. என் கதையில் வரும் உயிரில்லாத படையான உயிரிலிகள் கோட்டைச் சுவரைப் பார்த்து வெறியோடு உறுமுகின்றன என்று ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். ஆறாவது படிக்கிற பிள்ளை, பல் துலக்கிக்கொண்டே, "மாமா, அதுக்கு உயிரே இல்லன்னீங்க. அப்புறம் எதுக்குக் கோவம் வருது?" என்றாள்.

பதில் இல்லை. அத்தியாயம் போச்சு.

மே 1

விடுமுறை. மாடியில் உட்கார்ந்து யோசித்தேன். பேய் என்றால் உடம்பைத் தொலைத்த உயிர். நான் எழுத நினைப்பது அதற்கு நேர் எதிர். அசுரர்களுக்கோ உயிர் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. தவம் செய்கிறார்கள், வரம் கேட்கிறார்கள், பெண்ணுக்கும் மண்ணுக்கும் ஆசைப்படுகிறார்கள். பகாசுரனுக்குக்கூடப் பசி இருந்தது. பசிக்கிறவனோடு பேரம் பேசலாம். நாளைக்கு ஒரு வண்டிச் சோறும் ஓர் ஆளும் என்று ஊரார் பேசி முடிக்கவில்லையா? திரௌபதி அம்மன் திருவிழாவில் அந்தச் சோற்று வண்டி வரும்போது எனக்குப் பயம் வந்ததே இல்லை, குழம்பு வாசம்தான் வந்தது.

தொல்காப்பிய மரபியலைப் புரட்டினேன். புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு, அதாவது தொட்டால் தெரியும். நண்டுக்கு நான்கு. மனிதருக்கு ஆறு. அப்படியானால் என் உயிரிலிகளுக்குப் பூஜ்யம். புல்லைவிடக் கீழே. வெட்டினால் வெட்டியது தெரியாது, தீயில் நின்றாலும் சுடாது. நோட்டில் இரண்டு கோடு போட்டு வைத்தேன்.

மே 5

கத்திரி நேற்றே தொடங்கிவிட்டது. அந்த வெயிலில் பாண்டி போய், பஸ் மாறி வில்லியனூர். என் உயிரிலிகள் களிமண்ணால் ஆனவை. மண் வேலையைக் கண்ணால் பார்க்காமல் எழுத மனசு வரவில்லை. (பிராகு நகரத்து யூதர்கள் கதையிலும் கோலெம் என்று ஒரு மண் ஆள் உண்டு. நெற்றியில் 'எமெத்' என்று எழுதியிருக்கும், எபிரேயத்தில் உண்மை. முதல் எழுத்தை அழித்தால் 'மெத்', செத்தது என்று ஆகி விழுந்துவிடும். இதெல்லாம் நான்தான் முதலில் நினைத்தேன் என்று ஒரு வாரம் மிதந்துகொண்டிருந்தேன்.)

பெரியவர் ஒருவர் அய்யனார் குதிரைக்குக் கால் எழுப்பிக்கொண்டிருந்தார். மணல் கலந்து பிசைந்த மண். உள்ளே ஒரு கை தாங்க, வெளியே கட்டையால் தட்டித் தட்டி ஏற்றுகிறார். கால் குழாய் மாதிரி இருக்கிறது. பக்கத்தில் முடிந்து காய்கிற குதிரையின் வயிற்றில் ஓர் ஓட்டை.

"இது எதுக்குங்கய்யா?"

"காத்துப் போவணும் தம்பி. உள்ள கெட்டியா வுட்டா சூளையில வெடிச்சிடும். கூடா இருந்தாத்தான் நிக்கும்."

கண்?

"கோயில்ல வச்சுத்தான் கண்ணு தொறக்கறது. அது வரைக்கும் இதுவும் சட்டி மாதிரிதான்."

திரும்பும் பஸ்ஸிலேயே முடிவாகிவிட்டது. போர் அவசரத்தில், கண் திறக்கும்வரை பொறுக்காமல் ராஜா ஓட்டிக்கொண்டு போன மண் படை.

மே 6

கரண்ட் இல்லை. திண்ணையில் ஆயாவோடு உட்கார்ந்து கதையைச் சொன்னேன். ஆயா பிறந்து வளர்ந்தது கடலூர்க் கடற்கரையில் தேவனாம்பட்டினம். 2004 டிசம்பர் 26 சுனாமி பற்றித் தானாகப் பேசாது. இன்று பேசியது.

"கடலுக்குக் கோவம்னு டிவியில சொன்னானுங்க. கோவம் வந்தா எங்களுக்குத் தெரியாதா? சத்தம் மாறும், நெறம் மாறும். அன்னிக்கு வந்தது கடலே இல்லடா. வெறும் தண்ணி. யாரு எவருன்னு பாக்கல. வந்துச்சு, போச்சு."

விசிறியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

மே 9

ஏழாம் அத்தியாயம், மறுபடி. உறுமலை எடுத்தேன். செக்கச் சிவந்த கண்களையும் எடுத்தேன், கண்ணே கிடையாதே. படை இப்போது கருவாடு காயும் மணலில் நடந்து வருகிறது. வயிற்று ஓட்டையில் காற்று நுழையும்போது, பானை வாயில் ஊதினாற்போல ஊங்கென்று ஒரு சத்தம். குரல் என்றால் அவ்வளவுதான். ஒரு நாய் கூடவே குரைத்துக்கொண்டு ஓடுகிறது, கணுக்காலைக் கடித்துப் பார்க்கிறது. ஒன்றும் திரும்பவில்லை. எதிரே ஒரு கிழவி கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டு குந்தியிருக்கிறாள். அங்கே ஒருத்தி இருப்பதே படைக்குத் தெரியாது. அவளுக்குக் காது மந்தம்.

வாசித்து முடித்தேன். பிள்ளை கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"ஆயா நகந்துட்டாங்களா?"

"அடுத்த அத்தியாயத்துலதான்."

"இல்ல மாமா, இப்பவே சொல்லுங்க."

எனக்கே இன்னும் தெரியாது.