சிக்னலில் சூடாகிறதா, ஏற்றத்தில் சூடாகிறதா?

கார் சூடாகுது என்று யாராவது போன் போட்டால் நான் உடனே பானெட்டைத் திறக்கச் சொல்வதில்லை, எங்கே சூடாகுது என்றுதான் கேட்பேன். பெங்களூர் சில்க் போர்டு சிக்னலில் நின்றுகொண்டிருக்கும்போதா, இல்லை ஊருக்குப் போய்விட்டுக் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏறி வரும்போதா, அதுவும் இல்லாமல் காலையில் ஸ்டார்ட் செய்து தெருமுனை தாண்டுவதற்குள்ளேயேவா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. இதைக் கேட்காமலே "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சார், இன்ஜினைப் பிரிக்கணும்" என்று ஆரம்பிக்கிற இடத்தில் சாவியைக் கொடுக்காமல் இருப்பது நல்லது. ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜினின் மேல் பகுதியான ஹெட்டுக்கும் கீழே இருக்கிற பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற தகடு.

என் மச்சானுக்கு அப்படித்தான் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் கையில் கொடுத்திருந்தார்கள். ராமமூர்த்தி நகரில் வீடு, எலெக்ட்ரானிக் சிட்டியில் ஆபீஸ், நடுவில் வெளிவட்டச் சாலை. ஊர்ந்துதான் போக வேண்டும். போனில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: "சிக்னல்ல நின்னா ஏசி காத்து வெதுவெதுன்னு வருதா?" அவன், "ஆமா மச்சான், வண்டி கிளம்புனா திரும்ப ஜில்லுனு ஆயிடும், கேஸ் கம்மியா இருக்கும்னு விட்டுட்டேன்" என்றான். எனக்குப் பாதி விடை அதிலேயே கிடைத்துவிட்டது. ஏசியின் சூட்டை வெளியேற்றுகிற கண்டென்சரும் இன்ஜின் தண்ணீரை ஆற்றுகிற ரேடியேட்டரும் முன்னும் பின்னுமாக ஒட்டித்தான் இருக்கும், இரண்டுக்கும் காற்றை இழுப்பது பெரும்பாலான சிறிய கார்களில் அதே ஃபேன். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைப் பார்த்துவிடும், நின்றால் ஃபேன் ஒன்றுதான் கதி. நின்றால் ஏசியும் போகிறது இன்ஜினும் சூடாகிறது என்றால் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான், கேஸ்கெட் மேல் இல்லை.

லிங்கராஜபுரத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார், திருப்பத்தூர்க்காரர். மச்சான் வண்டியில் அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், வீட்டிலேயே பாதியைச் செய்து பார்க்கலாம். இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டார், கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும், சுற்றவில்லை. ஃபியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. அடுத்து ரிலே, அதாவது ஃபேனுக்குக் கரன்ட்டைத் திறந்துவிடுகிற சுவிட்ச். ஃபியூஸ் பெட்டியிலேயே அதே நம்பர் போட்ட இன்னொரு ரிலேவைப் பிடுங்கி ஃபேன் ரிலே இருந்த இடத்தில் குத்தினார், அப்போதும் அசைவில்லை. அப்புறம் ஒரு நீளமான குச்சியை எடுத்து மோட்டார் முதுகில் லேசாக இரண்டு தட்டு. திடீரென்று சுற்ற ஆரம்பித்தது! உள்ளே சுற்றுகிற பகுதிக்குக் கரன்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேய்ந்து போனால் இப்படித்தான், தட்டினால் ஓடும், நாளைக்கு மறுபடி நிற்கும். ஜே.சி. ரோட்டில் மோட்டார் வாங்கி மாட்டியதும் கதை முடிந்தது, ஹெட்டை யாரும் தொடவே இல்லை. இதைச் செய்து பார்ப்பவர்கள் விரலை ஃபேன் பக்கம் கொண்டு போகாதீர்கள், சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் அது தானாகச் சுற்றும். ஏசி போட்டால் ஃபேன் சுற்றுகிறது, ஆனால் சூடானால் மட்டும் சுற்றவில்லை என்றால் மோட்டாரை விட்டுவிட்டு டெம்பரேச்சர் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள்.

ஏற்றத்தில் மட்டும் சூடானால் கதை வேறு. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே சுமார் 400 மீட்டர் ஏறுகிறோம், நாலு பேர், டிக்கி நிறைய அரிசி மூட்டை, ஏசி வேறு. அந்த வேகத்தில் காற்றுக்குக் குறைவில்லை, அதனால் ஃபேனைக் குறை சொல்ல முடியாது. இன்ஜினைக் குளிர்விக்கிற திரவமான கூலன்ட் குறைந்திருக்கும், ரேடியேட்டர் அடைத்திருக்கும், அல்லது வாட்டர் பம்ப் தள்ளவில்லை. பெங்களூரில் இந்த அடைப்புக்குப் பெரும்பாலும் நாமேதான் காரணம், 'இந்த ஊர்ல எதுக்கு கூலன்ட், தண்ணி போதும்' என்று போர்வெல் தண்ணீரை ஊற்றுகிறோம். அந்த உப்புத் தண்ணீர் குக்கருக்குள் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள், ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் அதேதான். கூலன்ட் உறையாமல் இருக்க மட்டும் இல்லை, துருப்பிடிக்காமலும் சீக்கிரம் கொதிக்காமலும் இருக்கத்தான் முக்கியமாக.

கொதிப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது, யாரும் கண்டுகொள்ளாத பொருள் ரேடியேட்டர் மூடி. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது, இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜினோ சாதாரணமாகவே 90, 100 டிகிரியில்தான் ஓடுகிறது. மூடியில் இருக்கிற ஸ்பிரிங் உள்ளே ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கிறது. மூடியின் அடியில் இருக்கிற ரப்பர் வெடித்துப் போனால் வேறு எந்தக் கோளாறும் இல்லாமலே பொங்கும். சில நூறு ரூபாய்ப் பொருள், சந்தேகம் வந்தால் யோசிக்காமல் மாற்றிவிடலாம். ஆனால் இன்ஜின் ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும், முகத்தில் ஆவி அடித்தால் சாதாரணக் காயமாக இருக்காது.

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே சூடானால் முதலில் தெர்மோஸ்டாட். அது 82லிருந்து 88 டிகிரிக்குள் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட வேண்டும். மூடியபடி மாட்டிக்கொண்டால் இன்ஜின் கொதிக்கும், ரேடியேட்டர் பக்கத்து ஹோஸ் தொட்டால் சில்லென்று இருக்கும். இதற்கு மாறாக, ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், தண்ணீர் சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலோ ரிசர்வ் டேங்கில் விடாமல் குமிழி வந்தாலோ, அப்போது ஹெட் கேஸ்கெட்டைப் பற்றிப் பேசலாம். அப்போதும் பிரிக்கச் சொல்லாதீர்கள், நீல நிறத் திரவம் போட்ட பிளாக் டெஸ்டரை ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எரிந்த வாயு தண்ணீரில் கலந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் அது மஞ்சளாகிவிடும். ஆயில் மூடியில் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டுவது தவறு, தினமும் பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓட்டுகிற வண்டியிலும் அது வரும்.

இன்னொன்று, டேஷ்போர்டில் சூடு காட்டுகிற முள் திடீரென்று கீழே இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். தண்ணீர் மொத்தமாக வெளியே போய்விட்டால் சென்சார் காற்றில் தொங்கும், அதற்குச் சூடு தெரியாது. உடனே ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள், பச்சைத் தண்ணீரை அப்படியே மேலே ஊற்றாதீர்கள், அலுமினிய ஹெட் விரிசல் விட்டுவிடும். தண்ணீர் இருந்து சூடு மட்டும் ஏறுகிறது, டிராஃபிக்கில் நிறுத்த இடமில்லை என்றால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திருப்பி வையுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் கொஞ்ச தூரம் சமாளிக்கலாம்.

கடைசியாக ஒரு சண்டை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிட்டு "இனிமே சூடே ஆகாது சார்" என்று அனுப்புகிற பழக்கம் இங்கே ரொம்ப உண்டு. ஆகாதுதான். இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல், இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான ஈசியூ இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும், மைலேஜ் குறையும், நாளாவட்டத்தில் தேய்மானமும் கூடும். புதிது வாங்கி மாட்டச் சொல்லுங்கள், மாட்டிய பிறகு கூலன்ட் லைனில் நிற்கிற காற்றை எடுக்கச் சொல்லுங்கள், அதை எடுக்காமல் விட்டால் புது தெர்மோஸ்டாட்டோடும் வண்டி சூடாகும்.