பில்லி ஹூலிஸ்டனுக்கு ஒரு அட்டை

ஒரு கால்பந்து ஆட்டக்காரருடைய முழு ஆட்ட வாழ்க்கையையும் ஒரே அட்டைக்குள் கையால் எழுதி வரைந்து முடிப்பதுதான் இப்போதைக்கு என் பொழுதுபோக்கு. அட்டையின் முன்பக்கம் சீசன்வாரியாகக் கட்டங்கள். பின்பக்கம் அவர் ஆடிய ஒரே ஒரு ஆட்டம், அணி வரிசையோடு, வண்ணத்தில். பெரிய நட்சத்திரங்களுக்குச் செய்வதில் சுவாரசியம் இல்லை. அவர்களுடைய கணக்கு எல்லாம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது, பார்த்து எழுத வேண்டியதுதான் பாக்கி. சின்னக் கிளப் ஆட்டக்காரர் என்றால் எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

இந்த முறை எடுத்துக்கொண்டது பில்லி ஹூலிஸ்டன். ஸ்காட்லாந்தின் தெற்கே, நித் ஆற்றங்கரையில் இருக்கும் டம்ஃப்ரீஸ் ஊரில் 1921-ல் பிறந்தவர், 1999-ல் காலமானார். ஆடியது அந்த ஊர்க் கிளப்பான குயீன் ஆஃப் தி சவுத்துக்கு. சென்டர் ஃபார்வர்டு, அதாவது முன்வரிசையின் நடுவில் நின்று கோலுக்குப் பாய்கிறவர். அந்தக் கிளப்பில் இருந்துகொண்டே ஸ்காட்லாந்து அணிக்கு ஆடிய ஒரே ஆள் இன்றுவரை இவர்தான்.

கிளப்பைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். 1919-ல் மூன்று அணிகள் சேர்ந்து உருவானது இது: பழைய டம்ஃப்ரீஸ் கிளப், அங்கிருந்த அரோல்-ஜான்ஸ்டன் கார் தொழிற்சாலையின் அணி, ஒரு ராணுவப் படைப்பிரிவின் அணி. பெயர், டேவிட் டன்பார் என்ற உள்ளூர்க் கவிஞர் டம்ஃப்ரீஸ் ஊருக்குச் சூட்டிய பட்டம். மைதானம் பால்மர்ஸ்டன் பார்க். 1933 முதல் மேல் டிவிஷனிலேயே தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த அணி. கிளாஸ்கோவின் பெரிய கிளப்புகளோடு வாராவாரம் மோத வேண்டும், ஆனால் கையில் அவ்வளவு காசு கிடையாது.

முன்பக்கத்துக்குக் கட்டம் போட உட்கார்ந்ததுமே முதல் சிக்கல் வந்தது. எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது? 1939-ல் போர் வந்ததும் ஸ்காட்டிஷ் லீக் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாகப் பகுதிவாரி லீக்குகள் நடந்தன. 1945-46 சீசனில் ஏ டிவிஷன், பி டிவிஷன் என்று பிரித்து ஆடினார்கள், ஆனால் அந்தச் சீசனையும் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்ப்பதில்லை. 1946-47-ல் இருந்துதான் முறைப்படி எண்ணிக்கை. இருபத்தி நாலு, இருபத்தைந்து வயதில் ஒரு ஆட்டக்காரர் ஆடிய ஆட்டங்கள் ஏட்டில் இல்லாமலே போகின்றன. அந்தத் தலைமுறை ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் இதே கதி.

நான் செய்தது இதுதான்: 1945-46-க்கும் ஒரு கட்டம் போட்டேன், ஆனால் மையால் இல்லை, பென்சிலால். அப்புறம் 'மொத்தம்' என்ற கடைசிப் பத்தியையே எடுத்துவிட்டேன். போர்க்கால ஆட்டங்களைச் சேர்த்தால் ஒரு தொகை, சேர்க்காவிட்டால் வேறு தொகை. அடியில் ஒரு எண்ணைப் பெரிதாக எழுதிவைத்தால் பார்க்கிறவர் கண் அங்கேயே போய் நின்றுவிடும், மேலே இருக்கும் கட்டங்களை யாரும் படிக்க மாட்டார்கள்.

இன்னொரு விஷயத்தில் அந்தக் காலம் எனக்கு வேலையைச் சுலபமாக்கியது. ஸ்காட்டிஷ் லீக்கில் மாற்று ஆட்டக்காரர் 1966-ல்தான் வந்தார். அதற்கு முன்பு பதினொரு பேர் இறங்கினால் அந்தப் பதினொரு பேர்தான் கடைசிவரை. காலில் அடிபட்டவரை ஓரத்தில் விங்கில் நிறுத்திவைத்து ஒப்பேற்றுவார்கள். எனவே 'முழு ஆட்டம்', 'பாதியில் இறங்கியது' என்று இரண்டு பத்தி தேவையில்லை, ஒரு புள்ளி வைத்தால் போதும்.

ஆனால் பழைய ஸ்காட்டிஷ் அணிப் பட்டியல்களில் ஒரு வேடிக்கை உண்டு. பத்துப் பெயர் சரியாக இருக்கும், பதினொன்றாவது இடத்தில் 'நியூமேன்' என்றோ 'ஜூனியர்' என்றோ 'ஏ. என். அதர்' என்றோ இருக்கும். யாரடா இந்த நியூமேன், இத்தனை கிளப்புகளுக்கு ஆடியிருக்கிறாரே என்று முதன்முதலில் பார்க்கிறவர்கள் மலைத்துப்போவார்கள். அது ஒரு ஆளே இல்லை. சோதனைக்காக ஆடவைக்கும் புதுப் பையனின் பெயர் வெளியே தெரிந்தால் வேறு கிளப் கொத்திக்கொண்டு போய்விடும் என்பதற்காகப் போடும் முகமூடிப் பெயர்.

சீசன் கட்டங்களுக்கு மேலே ஒரு மெல்லிய பட்டை ஓட்டினேன். கிளப் மேல் டிவிஷனில் இருந்தால் நீலம், கீழே போனால் சாம்பல். நாலு சீசன் நீலம், ஒன்று சாம்பல், மறுபடி நீலம். அந்தச் சாம்பல் கட்டத்துக்கு முந்தைய சீசன் இருக்கிறதே, 1949-50, விசித்திரமான சீசன். அதே வருஷம் ஸ்காட்டிஷ் கோப்பையில் குயீன் ஆஃப் தி சவுத் அரையிறுதி வரை போனது. ரேஞ்சர்ஸை 1-1 என்று நிறுத்திவைத்து, மறு ஆட்டத்தில்தான் 0-3 என்று தோற்றது. லீக்கிலோ கடைசி இரண்டு இடங்களில் ஒன்று, ஸ்டெர்லிங் ஆல்பியனோடு சேர்ந்து கீழே இறக்கம். அடுத்த வருஷமே பி டிவிஷன் சாம்பியனாக மேலே வந்தது, கூடவே ஸ்டெர்லிங் ஆல்பியனும். போகும்போதும் ஜோடி, வரும்போதும் ஜோடி. 1952 பிப்ரவரியில் ஹார்ட்ஸுக்கு எதிரான கோப்பை ஆட்டத்துக்குப் பால்மர்ஸ்டனில் 26,552 பேர் கூடினார்கள். அந்த மைதானத்தின் கூட்டச் சாதனை அது. பட்டையின் ஓரத்தில் அந்த எண்ணையும் சிறிதாக எழுதினேன்.

ஸ்காட்லாந்துக்காக அவர் ஆடியது மூன்றே ஆட்டம். முதல் ஆட்டம் 1948 நவம்பர் 17, ஹாம்ப்டன் பார்க், எதிரணி வட அயர்லாந்து. தொடங்கிய சில நிமிஷங்களிலேயே டேவி வால்ஷ் இரண்டு கோல் போட்டுவிட, ஸ்காட்லாந்து 0-2. அங்கிருந்து 3-2 என்று ஜெயித்தார்கள். ஹூலிஸ்டனுக்கு இரண்டு கோல், அதில் ஒன்று கடைசி நேரத்து வெற்றி கோல். இன்னொன்று ஜிம்மி மேசன் போட்டது. இரண்டாவது ஆட்டம் 1949 ஏப்ரல் 9, வெம்ப்ளியில் இங்கிலாந்தோடு, 3-1 வெற்றி. மூன்றாவது அதே மாதம் 27, ஹாம்ப்டனில் பிரான்ஸோடு, 2-0 வெற்றி. மூன்று ஆட்டம், மூன்றும் வெற்றி. அதற்குப் பிறகு அதிகாரபூர்வ ஆட்டம் எதற்கும் கூப்பிடவே இல்லை.

பின்பக்கத்துக்கு வெம்ப்ளி ஆட்டத்தை எடுத்துக்கொண்டேன். பதினொரு சட்டை வரைந்து எல்லாவற்றுக்கும் ஸ்காட்லாந்தின் கருநீலத்தை அடித்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அப்படிச் செய்தால் பதினொன்றும் ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொருவருக்கும் அவரவர் கிளப் சட்டையைப் போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. இந்த அட்டையில் நான் செய்த உருப்படியான காரியம் அதுதான்.

வரிசை இது: கோல் ஜிம்மி கோவன், கிரீனாக் ஊர் மார்ட்டன். பின்னால் ஜார்ஜ் யங், சாமி காக்ஸ், இருவரும் ரேஞ்சர்ஸ். நடுவே பாபி எவான்ஸ் செல்டிக், வில்லி வுட்பர்ன் ரேஞ்சர்ஸ், ஜார்ஜ் எய்ட்கன் ஈஸ்ட் ஃபைஃப். முன்னால் வில்லி வாடல் ரேஞ்சர்ஸ், ஜிம்மி மேசன் தேர்டு லானார்க், ஹூலிஸ்டன் குயீன் ஆஃப் தி சவுத், பில்லி ஸ்டீல் டெர்பி கவுன்ட்டி, லாரி ரெய்லி ஹைபெர்னியன்.

செய்தித்தாளில் இதை 2-3-5 என்றுதான், பின்னால் இரண்டு, நடுவே மூன்று, முன்னால் ஐந்து பேராக அச்சடிப்பார்கள். ஆடியதோ டபிள்யூ-எம், அதாவது பின்னால் மூன்று பேர் நிற்கும் முறை. சென்டர் ஹாஃப் வுட்பர்ன் பெயர் பட்டியலில் நடு வரிசையில் இருந்தாலும், மைதானத்தில் அவர் நிற்பது இரண்டு ஃபுல்பேக்குகளுக்கு நடுவே. நான் நின்ற இடத்தின்படியே வரைந்தேன். எண் மட்டும் பட்டியல்படி: வுட்பர்னுக்கு 5, ஹூலிஸ்டனுக்கு 9. செல்டிக் 1960 வரை எண்ணே போடாத கிளப் என்பதால், எவான்ஸின் சட்டையை மட்டும் எண் இல்லாமல் விட்டேன்.

இனி வண்ணம். ஐவரி அட்டையில் வாட்டர்கலர் அடித்தால் ஈரம் காய்வதற்குள் அட்டை வில் மாதிரி வளைகிறது. அதனால் போஸ்டர் கலர், தண்ணீர் குறைவாக, தயிர்ப் பதத்தில். பெரிய தலைவலி நீலம். ரேஞ்சர்ஸும் நீலம், குயீன் ஆஃப் தி சவுத்தும் நீலம், மார்ட்டனின் பட்டைகளும் நீலம். மூன்றையும் ஒரே டப்பாவிலிருந்து அடித்தால் நான் காட்ட நினைத்ததே காணாமல் போய்விடும். அல்ட்ராமரைனை அப்படியே ரேஞ்சர்ஸுக்கு. அதே நீலத்தில் ஒரு துளி வெள்ளை சேர்த்து ஹூலிஸ்டனுக்கு, கழுத்துப் பட்டை வெள்ளை. மார்ட்டனுக்கு இன்னும் கொஞ்சம் வெள்ளை சேர்த்துப் படுக்கைப் பட்டைகள். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களை வைத்து சாயலைத் துல்லியமாகப் பிடிக்க முடியாது, ஆக இது என் வசதிக்குச் செய்துகொண்ட ஏற்பாடு என்று ஓரத்தில் குறித்துவிட்டேன்.

இரண்டு சென்டிமீட்டர் சட்டையில் பட்டை போடுவதற்கு ஒரு வழி கிடைத்தது. வெள்ளைப் பட்டையை அடிக்கவே கூடாது. பென்சிலால் கோடிட்டுக்கொண்டு நீலத்தை மட்டும் ஒன்றுவிட்டு ஒன்று நிரப்ப வேண்டும், இடையில் இருக்கும் அட்டையே வெள்ளை. எவான்ஸின் பச்சைப் பட்டைகளுக்கும் அதே முறை. ரெய்லிக்குப் பச்சை உடம்பு, வெள்ளைக் கை. மேசனுக்குச் சிவப்பு. எய்ட்கனின் ஈஸ்ட் ஃபைஃபுக்குக் கறுப்பும் பொன்னிறமும். அந்தப் பொன்னிறத்துக்கு மஞ்சளில் கொஞ்சம் காவி சேர்த்ததும் சரியாக வந்தது.

காய்ந்ததும் தள்ளி வைத்துப் பார்த்தேன். நாலு ரேஞ்சர்ஸ் நீலம், அதுவும் பெரும்பாலும் பின்வரிசையில். மார்ட்டன், ஈஸ்ட் ஃபைஃப், தேர்டு லானார்க், குயீன் ஆஃப் தி சவுத் என்று சின்னக் கிளப் சட்டைகளும் நாலு. இங்கிலாந்தை அவர்கள் மண்ணிலேயே வீழ்த்தி, பிரிட்டன் பக்கத்து நான்கு அணிகளும் மோதும் பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பில் தன் மூன்று ஆட்டங்களையும் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கிய அணி இது. ஆட்டத்தின் ஆரம்பத்தில் இங்கிலாந்து அடித்த அடியை எல்லாம் தடுத்து நின்றது மார்ட்டனின் கோவன். முதல் கோல் தேர்டு லானார்க்கின் மேசன். ஹூலிஸ்டன் கோல் போடவில்லை, ஆனால் அவர் மல்லுக்கு நின்றது நீல் ஃபிராங்க்ளினோடு, அன்றைக்கு இங்கிலாந்தின் மிகச் சிறந்த சென்டர் ஹாஃப். நளினமான ஆட்டக்காரர் அல்ல ஹூலிஸ்டன். தோளைக் கொடுத்து முட்டி மோதி, எதிர்ப் பின்வரிசையை நிம்மதியாக நிற்கவிடாமல் செய்கிற ரகம். அப்படி ஒருவர் நடுவில் இருந்தால்தான் ஸ்டீல், மேசன் மாதிரியான ஆட்களுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும். கோல் பத்தியில் சுழியம்தான் விழும். எனவே அந்தக் கட்டத்தில் சுழியத்துக்குப் பக்கத்தில் 'எதிரே ஃபிராங்க்ளின்' என்றும் எழுதினேன்.

அவரை ஏன் விட்டார்கள்? அப்போது ஸ்காட்லாந்துக்கு மேனேஜர் கிடையாது. 1954-ல் ஆண்டி பீட்டிதான் முதல் ஆள். அதுவரை ஒரு தேர்வுக் குழு கூடி, பேசி, ஆள் பொறுக்கும். சென்டர் ஃபார்வர்டு இடத்தில் அந்தக் குழு செய்த கூத்தைப் பாருங்கள். 1949 அக்டோபர் 1, பெல்ஃபாஸ்ட், அதே வட அயர்லாந்து. ஹூலிஸ்டன் இடத்தில் ஈஸ்ட் ஃபைஃபின் ஹென்றி மாரிஸ். முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல், ஸ்காட்லாந்து 8-2. மாரிஸை அதன்பின் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. 1953 அக்டோபரில் மறுபடி பெல்ஃபாஸ்ட், மறுபடி ஈஸ்ட் ஃபைஃப் ஆள், சார்லி ஃப்ளெமிங். இரண்டு கோல், ஸ்காட்லாந்து 3-1. அவருக்கும் அது ஒன்றுதான். ஈஸ்ட் ஃபைஃப் அந்தக் காலத்தில் லீக் கோப்பையை மூன்று முறை ஜெயித்த கிளப், ஏதோ கத்துக்குட்டி அணி இல்லை. சின்னக் கிளப் ஆள் கோல் போட்டால் 'அயர்லாந்துதானே' என்பார்கள் போலிருக்கிறது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை: இதே கோல்களை ரேஞ்சர்ஸ் சட்டைக்காரர் போட்டிருந்தால் இன்னும் பத்து ஆட்டம் பார்த்திருப்பார். இவர்களோடு ஒப்பிட்டால் ஹூலிஸ்டனுக்கு மூன்று கிடைத்ததே அதிர்ஷ்டம்.

முன்பக்கத்தில் இன்னும் ஒரு இடம் காலியாக இருந்தது, அங்கே சக ஆட்டக்காரர்கள். கோல்கீப்பர் ராய் ஹெண்டர்சன். 1949-ல் வந்து சேர்ந்த ஜிம் பேட்டர்சன், பின்னாளில் 251 கோலோடு கிளப்பின் எக்காலத்துக்குமான சாதனைக்காரர். மேனேஜர் ஜிம்மி மெக்கின்னல். பேட்டர்சன் இத்தனை கோல் போட்டும் ஸ்காட்லாந்துக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை என்பதை அவர் பெயருக்குக் கீழே சிவப்பு மையில் எழுதினேன். கொஞ்சம் கோபம்தான், இருக்கட்டும்.

பளபளப்பு வார்னிஷ் பூசவில்லை. போஸ்டர் கலர் மேல் பிரஷ் பட்டால் கரைந்து இழுக்கிறது, ஸ்ப்ரே அடித்தாலும் பச்சை கறுத்துவிடுகிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டுவிட்டேன்.

அடுத்த அட்டை ஹென்றி மாரிஸுக்கு. பின்பக்கம் அந்த 8-2 ஆட்டம்தான், வேறு எதை எடுப்பது? அந்த அணியிலும் வாடல், மேசன், ஸ்டீல், ரெய்லி இருக்கிறார்கள், நடுவில் மட்டும் நீலத்துக்குப் பதில் கறுப்பும் பொன்னும். காவி தீர்ந்துவிட்டது, ஒரு பாட்டில் வாங்க வேண்டும்.